பொதுத்துறைத் தலைமையும் ஊதியமும்

கடலூர் மாவட்டத்துச் செம்மண் மேட்டில் அமைந்தது நெய்வேலி. அம்மண்ணின்கீழ்ப் பரந்து கிடக்கும் பழுப்பு நிலக்கரியை அகழ்ந்தெடுத்தற்பொருட்டு, 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நடுவண் அரசு ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தது. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் தலைமை அமைச்சர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரி வெளிப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அனல்மின் நிலையம் மின்னாற்றலை ஈனத் தொடங்கிற்று. 2016 முதல் இந்நிறுவனம் என்.எல்.சி. இந்தியா என வழங்கப்பெறுகின்றது. இதன் பங்குகளுள் பெரும்பகுதி நடுவண் அரசினுடையது. 2013இல் தமிழக அரசு நிறுவனங்களும் 3.56 விழுக்காடு பங்குகளை வாங்கின. எனவே, இதன் உரிமையாளர் பொதுமக்களே என்பது தெளிவு.

இத்தகைய நிறுவனத்தை நடத்தும் தலைவர்க்கு எவ்வளவு ஊதியம் தருதல் தகும்? தனியார் நிறுவனங்கள் தருவதற்கு நிகராகத் தருதல் வேண்டுமா? இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் அப்பணியின் அருமையை அறிதல் வேண்டும். நெய்வேலியில் நிலக்கரிப் படுகையின்மேல் கடினமான மணற்கல் மூடிக் கிடக்கின்றது. அகழும் பொறிகளின் எஃகுப் பற்களையும் அது தேய்த்துவிடும். படுகையின்கீழோ பேரழுத்தத்துடன் நிலத்தடி நீர் நிற்கின்றது. அந்நீரை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைத் தணியாவிடில், சுரங்கத்தின் அடித்தளமே மேலெழுந்து பிளக்கும். இவ்விடர்களுக்கிடையே எடுக்கப்படும் கரியைக்கொண்டே தென்மாநிலங்கள் பலவற்றிற்கு மின்சாரம் செல்கின்றது. சுரங்கம் விரியுந்தோறும் நிலம் இழக்கும் உழவரின் துயரையும் தலைவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் செய்யும் ஒரு பிழை, பல்லாயிரவர் வாழ்வைத் தாக்கும்.

இந்நிறுவனம் பொதுத்துறை நிறுவனங்களின் முதல் வரிசையில் வைக்கப்பட்டுள்ளது. அவ்வரிசைத் தலைவர்க்கு 2017ஆம் ஆண்டு சனவரி முதல் வகுக்கப்பெற்ற அடிப்படை ஊதியம், திங்களொன்றுக்கு 2,00,000 ரூபாய் முதல் 3,70,000 ரூபாய் வரையாகும். படிகளும், செயல்திறனுக்குரிய தொகையும் இதனின் வேறு. ஆயினும், தனியார் பெருநிறுவனத் தலைவர் சிலர் ஆண்டுதோறும் பல கோடி ரூபாய் பெறுகின்றனர்.

‘இவ்வேறுபாடு நீடிப்பின், ஆற்றலுடையோர் பொதுத்துறையை விட்டு அகல்வர், ஊதியம் குறைந்தவிடத்துக் கையூட்டும் தலைகாட்டும்’ என்பர் ஒருசாரார். இக்கருத்து புதியதன்று. கௌடிலியரின் அருத்தசாத்திரம் அமைச்சர், படைத்தலைவர் முதலியோர்க்கு 48,000 பணமும், கடைநிலை ஏவலர்க்கு 60 பணமும் வகுத்தது. உயர்ந்தோர் பிறர் தூண்டுதலுக்கு ஆளாகாதிருக்கவே அவ்வளவு தருதல் வேண்டும் என்று அது காரணமும் கூறிற்று. நம் காலத்தில் சிங்கப்பூர் அரசு, 1994இல் அமைச்சர் ஊதியத்தைத் தனியார் துறை வருவாயோடு பிணைத்தது.

மற்றொருசாரார் இதனை மறுப்பர். 1931இல் கராச்சியில் கூடிய காங்கிரசுப் பேரவை, அரசு ஊழியர் எவர்க்கும் திங்களுக்கு 500 ரூபாய்க்கு மேல் ஊதியம் பொதுவாக ஆகாது எனத் தீர்மானித்ததை அவர் எடுத்துக்காட்டுவர். சிங்கப்பூரிலும் மக்கள் மனக்குறை மிகவே, 2012இல் தலைமை அமைச்சரின் ஊதியம் மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைக்கப்பட்டது. மேலும், நெய்வேலி மின்சாரத்தின் விலையை அங்காடி வகுப்பதில்லை. நடுவண் மின்சார ஒழுங்குமுறை ஆணையமே வகுக்கின்றது. ஆதலின், வரும் இலாபம் முழுவதும் தலைவரின் திறமையால் விளைந்ததெனக் கொள்ளுதல் பொருந்தாது. அதே சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் பலர் பணி நிலைப்பு வேண்டிக் காத்திருக்க, தலைவர்க்கு மட்டும் கோடிகளை அளிப்பது நீதியோ என்றும் அவர் வினவுவர்.

இருசாரார் கூற்றிலும் உண்மை உண்டு. கராச்சித் தீர்மானமும் சிறப்புத் திறனுடைய வல்லுநர்க்கு விலக்களித்தது என்பதை மறத்தலாகாது. குடும்பக் கவலையின்றி வாழவும், பிள்ளைகளைக் கற்பிக்கவும், பிறர் கையை எதிர்பாராது நிமிர்ந்து நிற்கவும் போதிய ஊதியம் தலைவர்க்கு வேண்டும். அதனைக் குறைப்பது சிக்கனமாகாது. நெல்லைக் காக்க வேலியை விற்பது போன்றதாகும். ஆனால், போதிய அளவு என்பது வேறு. போட்டியின் அளவு என்பது வேறு. தனியார் ஒருவர் பத்துக் கோடி தருவாராயின், மற்றொருவர் இருபது கோடி தருவார். அவ்வோட்டத்தில் பொதுப்பணம் ஓடி வெல்லுதல் இயலாது. மிகுந்த கூலிக்காகவே வருபவர், அதனினும் மிகுந்த கூலி கிடைத்தவிடத்து நீங்கவும் செய்வர்.

நெய்வேலியின் முதல் தலைவரான டி. எம். எஸ். மணி அரசுப் பணியினின்று வந்தவரே. ஒன்றுமில்லாத மேட்டில் ஒரு நகரையும் சுரங்கத்தையும் எழுப்பும் வாய்ப்புத்தான் அத்தலைமுறையினர்க்கு வாய்த்த பெருஞ்செல்வம். இன்றோ பொதுத்துறைத் தலைவரின் பதவிக்காலம் ஐந்தாண்டு, அல்லது ஓய்வுபெறும் அகவை, இவற்றுள் எது முந்துமோ அதுவேயாகும். ஓய்வை அணுகும் நிலையில் ஒருவரை அமர்த்தினால், அவர் சுரங்கத்தை அறிந்து முடிப்பதற்குள் விடைபெற்றுவிடுவார். ஊதியத்தை இருமடங்காக்கினும் இக்குறை தீராது.

திருக்குறளில் ‘தெரிந்துவினையாடல்’ என ஓர் அதிகாரம் உள்ளது. தக்காரைத் தேர்தல், தேர்ந்தபின் வினையை அவரிடமே விடுதல், விட்டபின்னும் நாடோறும் ஆராய்தல் என்பவற்றை அது வற்புறுத்துகின்றது. கூலியின் அளவைப் பற்றி அங்குப் பேச்சில்லை. இதுவே நாம் கொள்ளத்தக்க நெறியாகும்.

ஆகவே, தலைவர்க்குப் போதிய ஊதியமும், போதிய காலமும், தலையீடற்ற உரிமையும் அளிப்போம். அவற்றோடு கணக்குக் கேட்கும் கடமையையும் கைவிடாதிருப்போம். தலைவரின் ஊதியம் உயரும் ஆண்டில், சுரங்கத்தின் அடியில் நிற்கும் தொழிலாளியின் கூலியும் உயர்ந்ததா என்று வினவுதல் அக்கடமையின் முதற்கூறாகும். மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் இத்தகைய நிறுவனங்களை நடத்துவீர்கள். மற்றையோர் அவற்றின் உரிமையாளராய் இருந்து இவ்வினாவைக் கேட்பீர்கள். இரண்டும் நாட்டுக்கு வேண்டிய தொண்டுகளே.