1,000 ரூபாயும் ஆட்டிசக் குழந்தைகளும்

2020 மார்ச் 24-ம் தேதி இரவு பிரதம மந்திரி பேசத் தொடங்கிய நான்கு மணி நேரத்தில் தேசம் முழுவதும் அடைபட்டது. 26-ம் தேதி நிதி மந்திரி ஏழைகளுக்கென்று 1,70,000 கோடி ரூபாய்த் திட்டமொன்றை வெளியிட்டார். முதியோர், விதவைகள், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு இரு தவணையாகத் தலைக்கு 1,000 ரூபாய் தருவதும் அதில் ஓர் அம்சம். அந்த ஆயிரம் யாரைச் சேராமற் போயிற்று என்பதை இன்றேனும் விசாரிப்பது அவசியமென்று கருதுகிறோம்.

மாற்றுத் திறனாளிகளுக்கான பணம் மத்திய சர்க்காரின் பென்ஷன் பட்டியலை வைத்தே பட்டுவாடா ஆயிற்று. அப்பட்டியலில் இடம்பெற வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். குறைபாடு நூற்றுக்கு எண்பதாவது இருக்க வேண்டும். குடும்பம் வறுமைக் கோட்டிற்குக் கீழே இருக்க வேண்டும். ஆகவே, ஆட்டிசம் உள்ள ஏழு வயதுக் குழந்தைக்கு அதில் இடமே இல்லை. குழந்தைக்கு ஏது செலவு என்று அதிகாரிகள் எண்ணினர் போலும்!

ஆட்டிசம் மருந்தால் தீரும் வியாதியன்று. பேச்சுப் பயிற்சி, அன்றாடக் காரியங்களைத் தானே செய்துகொள்ளும் பயிற்சி என்று ஆண்டுக்கணக்கில் நடத்த வேண்டும். பெரும்பாலும் தனியாரிடத்தில், வேளைக்கு இவ்வளவு என்ற கட்டணத்தில். முடக்கத்தில் பயிற்சி நிலையங்களும் சிறப்புப் பள்ளிகளும் மூடப்பட்டன. அதனால் செலவு மிச்சம் என்போர் இக்குழந்தைகளை அறியாதவர்கள். தினமும் ஒரே ஒழுங்கில் பழகிய குழந்தைக்கு அவ்வொழுங்கு அறுந்தால் உறக்கம் கெடும். அரும்பாடுபட்டுக் கற்ற சொல்லும் நழுவும். கைப்பேசியில் வகுப்பு என்றார்கள். அதற்குக் கைப்பேசி வேண்டும், இணையத்திற்குப் பணம் வேண்டும். குழந்தையை உட்கார்த்தி வைக்க ஒருவர் கூடவே இருக்கவும் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் தாய். அவள் வேலையை விட்டாள். தினக்கூலித் தகப்பனுக்கோ வேலையே இல்லை. நகை அடகுக்குப் போயிற்று. தாய் இழந்த சம்பளம் எந்தச் சர்க்கார் கணக்கிலும் ஏறவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 2016-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கண்ட 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. அதன் 8-ம் பிரிவு ஆபத்துக் காலத்தில் சமமான பாதுகாப்பை விதிக்கிறது. 24-ம் பிரிவு அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படியைப் பேசுகிறது. ஆனால் அப்பிரிவிலேயே ‘பொருளாதார சக்திக்கு உட்பட்டு’ என்றொரு வாசகமும் இருக்கிறது. கொடுக்க மனமில்லாத சர்க்காருக்கு இதைவிட வசதியான வாசல் வேண்டியதில்லை என்பதைச் சட்டம் பயின்றோர் அறிவர். 1,70,000 கோடிக்கு இருந்த சக்தி இக்குழந்தைகளிடம் வந்தபோது மட்டும் எங்கே போயிற்று? வருமான வரியில் சலுகை உண்டென்பார்கள். 75,000 ரூபாயைக் கழித்துக்கொள்ள முதலில் வருமானம் வேண்டாமா?

தமிழ்நாட்டு சர்க்கார் 2020 ஜூனில் அடையாள அட்டை உள்ள மாற்றுத் திறனாளிகளுக்கு 1,000 ரூபாய் அளித்ததை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அட்டைக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். ஆஸ்பத்திரிகளோ தொற்று நோயாளிகளால் நிரம்பியிருந்தன. இத்தேசத்தில் ஆட்டிசம் உள்ளோர் எத்தனை பேர் என்று கேட்டால், 2011 ஜனத்தொகைக் கணக்கு அதற்குத் தனி இடமே ஒதுக்கவில்லை. அடுத்த கணக்கில் அவர்களைத் தனியே எண்ண வேண்டும். பராமரிப்பாளர் படி, 18 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் குடும்பத்திற்கும் தேசம் முழுவதும் கிடைக்க மத்திய சர்க்கார் திட்டம் வகுக்க வேண்டும். நம் அங்கத்தினர்கள் பார்லிமெண்டில் இவ்விரண்டையும் கேட்கும்படி, அந்தந்தத் தொகுதி ஊழியர்கள் அவர்களுக்கு எழுதுவார்களாக.