ஏறுமா, இறங்குமா?

கோவை, ஈரோடு வட்டாரச் சங்கங்களுக்கு ஆய்வுக்குச் செல்லுங்கால், கைபேசியில் நடைபெறும் ‘பைனரி ஆப்ஷன்’ பற்றி அங்கத்தினர் சிலர் வினவுகின்றனர். இரண்டே முடிவுகளுள் ஒன்றன்மீது பணம் கட்டுவதே இது.

இதில் முக்கியமானவை மூன்று வகை. குறித்த நேரத்தில் விலை ஏறியிருக்குமா, இறங்கியிருக்குமா என்பது முதல் வகை. கெடுவுக்குள் குறிப்பிட்ட விலையை ஒருமுறையேனும் தொடுமா, தொடாதா என்பது இரண்டாவது. இரு விலைகளுக்கு இடையே நிற்குமா, நில்லாதா என்பது மூன்றாவது.

பெயர் புதிது; ஆசை பழையது. முன்னாளில் பருத்தி வியாபாரத்தில் விலையேற்றத்தைக் கருதிய ‘தேஜி’யும், இறக்கத்தைக் கருதிய ‘மந்தி’யும் இருந்தன. விளைபொருள்களில் இத்தகைய ஆப்ஷன்களை 1952-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2017 முதல் செபியின் மேற்பார்வையில், அங்கீகாரம் பெற்ற சந்தைகளில் சரக்கு ஆப்ஷன்கள் மீண்டும் நடைபெறுகின்றன. பைனரி ஆப்ஷனுக்கு அச்சந்தைகளில் இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2018-இல் இதனைச் சாதாரண மக்களுக்கு விற்பது தடுக்கப்பட்டது.

முறையான ஆப்ஷனில், விலை வீழ வீழ விற்பவருக்குக் கிட்டும் ஈடும் வளரும். பைனரியிலோ மஞ்சள் விலை குவிண்டாலுக்குப் பத்து ரூபாய் வீழ்ந்தாலும் ஆயிரம் வீழ்ந்தாலும் கிட்டுவது ஒரே தொகை. ஆகவே இது விளைச்சலுக்குக் காப்பு ஆகாது.

கணக்கையும் காண்போம். ரூ.100 கட்டி வென்றால் லாபம் ரூ.80, தோற்றால் நஷ்டம் ரூ.100 என்க. நூறு முறையில் ஐம்பது வென்றால் லாபம் ரூ.4,000, நஷ்டம் ரூ.5,000. சரிபாதி வென்றவரும் ரூ.1,000 இழக்கிறார்!

மஞ்சள் விற்ற பணத்தையும் தறிக்கூலியையும் இதில் இடுமுன், அங்கத்தினர்கள் இக்கணக்கைத் தாமே ஒருமுறை போட்டுப் பார்ப்பார்களாக.