பல்பை மறைத்து ஒளியைக் காட்டிய பாணி

ஆர்ட் டெகோ என்ற அலங்காரப் பாணியில் செய்த விளக்கில் பல்பைத் தேடினால் எளிதில் அகப்படாது. பால் கண்ணாடித் தகட்டுக்குப் பின்னாலோ, சுவரோடு ஒட்டிய உலோகக் கிண்ணத்துக்குள்ளோ அது மறைந்திருக்கும். பொன் நிறம், படிக்கட்டு வடிவம், விசிறிக் கோடுகள் ஆகியவைதான் இந்தப் பாணி என்று பலரும் நினைக்கிறார்கள். அவை மேல் அலங்காரம். கண் கூசாமல் அறை முழுக்க ஒளியைப் பரப்புவது எப்படி என்பதே இந்த விளக்குகளைச் செய்தவர்களின் உண்மையான கவலை.

அந்தக் கவலைக்குக் காரணம் டங்ஸ்டன் இழை. அதற்கு முந்தைய கார்பன் இழை பல்புகள் மங்கலாகச் செம்மஞ்சள் நிறத்தில் எரிந்தன. நேராகப் பார்த்தாலும் பெரிய தொந்தரவில்லை. 1910 வாக்கில் அமெரிக்காவில் வில்லியம் கூலிட்ஜ் டங்ஸ்டனை மெல்லிய கம்பியாக இழுக்க வழி கண்டார். 1913-இல் இர்விங் லாங்மியூர் பல்புக்குள் வாயுவை நிரப்பி, இழை இன்னும் அதிக வெப்பத்தில் எரியச் செய்தார். வெளிச்சம் கூடியது, கண்கூச்சமும் கூடவே வந்தது. மெழுகுவத்திக்காகச் செய்த கொத்து விளக்குகளில் இந்தப் பல்புகளை மாட்டினால் அண்ணாந்து பார்க்க முடியவில்லை. ஆனால் மின்விளக்கில் புகை இல்லை, சுடர் இல்லை. தலைகீழாகத் தொங்கவிடலாம், கூரையைப் பார்த்துத் திருப்பலாம், கண்ணாடிப் பெட்டிக்குள் அடைக்கலாம்.

1925 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியில் இந்தச் சுதந்திரத்தை உலகமே பார்த்தது. அங்கே அதிகம் பேசப்பட்டவர்களில் ஒருவர் ரெனே லாலிக். நகை வேலையில் புகழ் பெற்றுப் பிறகு கண்ணாடிக்கு வந்தவர். கண்ணாடியை அச்சில் வார்த்து, சில பகுதிகளை அமிலத்தால் அரித்து மங்கலாக்கி, மற்றவற்றை மெருகேற்றிப் பளபளக்க விட்டார். அரித்த பரப்பில் உள்ள நுண்ணிய குழிகள் ஒளியைப் பல திசைகளிலும் திருப்பிவிடும். இழையில் ஒரு புள்ளியாகக் குவிந்திருந்த பிரகாசம் தகடு முழுவதும் பரவுவதால் கூச்சம் தணிகிறது.

லாலிக் செய்த ஓபல் வகைக் கண்ணாடி இன்னும் சுவையானது. சூடான கண்ணாடி ஆறும்போது அதனுள் மிக நுண்ணிய துகள்கள் பிரிந்து தங்கிவிடும்படி கலவையை அமைப்பார்கள். அத்துகள்கள் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும். மஞ்சளும் சிவப்பும் ஊடுருவிச் செல்லும். அதனால் பகலில், விளக்கு அணைந்திருக்கும்போது, அந்தக் கண்ணாடி நீலம் கலந்த பால் நிறமாகத் தெரியும். உள்ளே பல்பைப் போட்டதும் தேன் நிறமாகிவிடும். பகல் வானம் நீலமாகவும் அந்தி வானம் சிவப்பாகவும் தெரிவதற்கும் இதே வகை ஒளிச்சிதறல்தான் காரணம்.

வேறு வழிகளும் இருந்தன. பியர் ஷாரோ மெல்லிய அலபாஸ்டர் கல் துண்டுகளைக் கோணம் கோணமாக அடுக்கி விளக்கு மூடி செய்தார். கல்லின் ரேகைகளே ஒளியை வடிகட்டின. சாளரங்களுக்கான வண்ணக் கண்ணாடி வேலை கற்ற ஜான் பெர்செல் 1923-இல் பாரிஸில் பட்டறை தொடங்கி, மங்கல் கண்ணாடியில் ஒளி எங்கும் ஒரே சீராக விழுவதை வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார்.

விளக்கு மாறியதும் அறையும் மாறியது. மென்மையாகப் பரவும் ஒளியை வாங்கித் திருப்பித் தரப் பளபளப்பான பரப்புகள் வேண்டும். குரோமியம் முலாம், நிலைக்கண்ணாடி, மெருகேற்றிய மகாசர் கருங்காலி, அரக்குப் பூச்சு எல்லாம் அறைக்குள் வந்தன. அலங்காரக் கலைஞர் ஜான் துனான் ஜப்பானியக் கலைஞர் சுகவாராவிடம் அரக்குப் பூச்சைக் கற்றார். இந்த இயற்கை அரக்கு ஈரப்பதமான காற்றில்தான் இறுகும். ஒவ்வொரு பூச்சும் இறுகிய பிறகு தேய்த்து, அடுத்ததைப் பூச வேண்டும். அரக்கில் தூய வெள்ளை நிறம் வராது. அதனால் வெள்ளை வேண்டிய இடத்தில் முட்டை ஓட்டுச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பதித்தார் துனான்.

ஒளியை மறைத்துப் பரப்பும் இந்தக் கலையின் உச்சம் 1935-இல் முதல் பயணம் சென்ற நார்மண்டி என்ற பிரெஞ்சுப் பயணக் கப்பல். அதன் முதல் வகுப்பு உணவுக்கூடம் மிக நீளமானது. கடலைப் பார்க்க ஜன்னலே கிடையாது. லாலிக் செய்த 12 உயரமான கண்ணாடி விளக்குத் தூண்களும் சுவரோரத் தூண்களும்தான் அங்கே பகலும் இரவும். அந்தக் கப்பல் 1942-இல் நியூயார்க் துறைமுகத்தில் தீக்கிரையானது.

இந்தியாவிலும் இந்தப் பாணிக்குத் தடம் உண்டு. மும்பை மெரைன் டிரைவ் கட்டடங்கள் 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. சென்னைப் பாரிமுனையின் டேர் ஹவுஸ் 1940-இல் எழுந்தது. உள் அலங்காரத்துக்கு எடுத்துக்காட்டு 1930-களின் தொடக்கத்தில் அமைந்த இந்தூர் மாணிக் பாக் அரண்மனை. இளம் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கருக்காக ஜெர்மானியரான எக்கார்ட் முத்தேசியஸ் அதை வடிவமைத்தார். அங்கிருந்த சிவப்பு நாற்காலிகளில் வாசிப்பு விளக்கு நாற்காலியோடு சேர்ந்தே இருந்தது. தனி விளக்கும் மேசையும் இல்லாமலே உட்கார்ந்து படிக்கலாம்.

இன்றைய எல்.இ.டி. சில்லு டங்ஸ்டன் இழையைப் போலவே கண்ணைக் குத்தும் புள்ளி. ஆகவே பழைய பாடம் அப்படியே பொருந்துகிறது. கடையில் ‘ஆர்ட் டெகோ’ என்று விற்கும் விளக்கை வாங்கும்முன் அதை எரியவிட்டு, நாற்காலியில் உட்காரும் உயரத்திலிருந்து பாருங்கள். ஒளிப்புள்ளி கண்ணில் பட்டால் பொன் முலாம் எவ்வளவு பூசியிருந்தாலும் பயனில்லை. பால் கண்ணாடி மூடி, சுவரையோ கூரையையோ நோக்கித் திரும்பிய ஒளி, 2700 கெல்வின் அளவிலான இளமஞ்சள் பல்பு: இந்த மூன்றும் இருந்தால் சாதாரணச் சுவர்விளக்கே போதும்.