வலுவும் சிக்கனமும்
(பிக்கப் வண்டி ஒன்றை முன்னிட்டுச் சில குறிப்புகள்)

தமிழாசிரியனுக்கும் மோட்டார் வண்டிக்கும் யாது தொடர்பு என இம்மலரைப் புரட்டும் அன்பர் சிலர் புருவம் நெரித்தல் கூடும். வினா நியாயமானதே. இலக்கணமும் செய்யுளும் கற்பிப்பதற்கே நாம் பயிற்றப்பட்டோம். ஆயினும் எம்மிடம் கற்றுச் சென்ற மாணவர், ஆண்டு பல கழிந்த பின்னரும், ஐயமொன்று தோன்றினாற் பழைய ஆசிரியனையே நாடி வருகின்றனர்; ஐயம் எத்துறையதாயினும் வருகின்றனர். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டிலே மீளத் திறக்கப்பட்டபோது அவ்வாறு வந்தவர் ஒரு வெங்காய வியாபாரி. எம் கல்லூரியின் பழைய மாணவர். சுன்னாகத்தில் வாங்கி, வாரத்தில் இருமுறை தம்புள்ளைக்குக் கொண்டுசென்று விற்பவர். மகளுக்கென வைத்திருந்த காணித் துண்டை ஈடுவைத்துப் புதிய பிக்கப் ஒன்று வாங்க எண்ணியிருந்தார்.

"சேர், பெரிய எஞ்சின் எடுக்கிறதோ, சின்னன் எடுக்கிறதோ? பெரிசெண்டால் டீசல் குடிக்கும் எண்டினம், சின்னனெண்டால் பாரம் இழுக்காது எண்டினம்" என்பதே அவரது வினா.

அவரது அச்சத்திற்குக் காரணம் இருந்தது. 2022ஆம் ஆண்டிலே எரிபொருட் பஞ்சம் நாட்டைப் பிடித்தபோது, வரிசையிலே நாட்கணக்காக நின்றும் டீசல் கிடையாது, அவர் முற்றத்திலே அடுக்கிய வெங்காயம் மூட்டையோடு அழுகிற்று. பின்னர் வாரப் பங்கு முறை வந்தது. அந்தப் பங்கை அவரது பழைய வண்டி ஒரு பயணத்தோடு குடித்து முடித்தது. ஆகவே அவர் கேட்டது வெறும் வண்டிக் கதை அன்று. யாம் உடனே விடை சொல்லவில்லை. ஆசிரியர் ஓய்வறையிலே பௌதிகவியல் ஆசிரியரையும், எமது அயலிலே கராஜ் வைத்திருப்பவரையும் அணுகிக் கேட்டும், சிலவற்றைப் படித்தும் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

முதலிற் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளல் வேண்டும். அது எம் தொழில். வண்டி விற்போர் 'வலு' என்று ஒரே சொல்லாற் குறிப்பன உண்மையில் இரண்டு. ஒன்று முறுக்கம், அஃது எஞ்சின் தன் தண்டைத் திருகும் திருகல். மற்றையது வலு; அந்தத் திருகலை எத்துணை விரைவாகச் செய்கின்றது என்பதன் அளவு. மாட்டு வண்டிச் சவாரி பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். சவாரி மாடு திடலிலே பறக்கும்; அதனை எருவேற்றிய வண்டிலிற் பூட்டினால் தோட்டத்து ஒழுங்கையைத் தாண்டுமுன் நுரை தள்ளும். பார வண்டில் மாடோ நுகத்திற் கழுத்தைக் கொடுத்தவுடனேயே இழுக்கும். ஓடச் சொன்னால் ஓடாது. புறப்படும்போதும் ஏற்றத்திலும் சுமையை அசைப்பது முறுக்கம். அச்சுமையை வேகத்தோடு கொண்டுசெல்வது வலு. குதிரைவலு என்னும் அளவையை வகுத்த ஜேம்ஸ் உவாற்று, ஒரு குதிரை ஒரு நிமிடத்தில் 33,000 அடி இறாத்தல் வேலை செய்யும் என்று கணித்தார். அவர் எம்மூர் மாட்டைக் கண்டிலர்.

இனி, பாரமேற்றிய பிக்கப் ஒன்று சமதரையிற் செல்வதற்கு உண்மையில் எத்துணை வலு வேண்டும்? வண்டி 2,000 கிலோ, வெங்காயம் 1,000 கிலோ என்க. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்திலே ரயர் உருளும் தடையும் காற்றின் தடையும் ஏறக்குறையச் சமமாக நின்று எதிர்க்கும். இரண்டையும் வெல்ல 16 கிலோவாற்று, அஃதாவது 21 குதிரைவலு அளவே போதும். பௌதிகவியல் ஆசிரியர் இக்கணக்கைக் கரும்பலகையிற் போட்டுக் காட்டியபோது நாம் நம்பவில்லை. இன்று இவ்வகை வண்டிகளிலே பெயர்பெற்ற ரொயோற்றா ஹைலக்ஸ், 2.4 லீற்றர் டீசல் எஞ்சினோடு வரும்போது 110 கிலோவாற்று தருவது, 2.8 லீற்றர் எஞ்சின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் 150 கிலோவாற்று தருவது. ஆகவே கண்டி வீதியிலே வவுனியாவை நோக்கி ஒரு தொன் பாரத்தோடு ஒழுங்காகச் செல்லும்போது, சிறிய எஞ்சின் தன் ஆற்றலில் ஏழில் ஒரு பங்கையும் பெரியது ஒன்பதில் ஒரு பங்கையுமே பயன்படுத்துகின்றன. மிச்சம் முழுவதும் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் சேமிப்பு.

அச்சேமிப்பு பயனற்றது எனக் கொள்ளற்க. நூற்றுக்கு 6 என்ற சரிவுள்ள ஏற்றத்தில் அதே வண்டி மணிக்கு 60 கிலோமீற்றரில் ஏறுதற்கு 39 கிலோவாற்று வேண்டும். லொறி ஒன்றை முந்துதற்கு அதனினும் கூட வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து தம்புள்ளை வரை அத்தகைய ஏற்றம் எங்கே இருக்கின்றது? மாத்தளைக்கு அப்பாற் பலகடுவை ஏறுபவர்க்கும் நுவரெலியாவுக்குப் போய் மரக்கறி ஏற்றுபவர்க்கும் கணக்கு வேறு.

பெரிய எஞ்சின் சும்மா செல்லும்போதும் ஏன் கூடக் குடிக்கின்றது என்பதே அடுத்த வினா. எஞ்சினுக்குள்ளே உருளைகளும், அவற்றினுள் ஏறியிறங்கும் முசலங்களும் உண்டு. (பாடநூல் முசலம் என்கின்றது, கராஜில் பிஸ்ரன் என்றாலே விளங்கும். முசலம் என்பது உலக்கையைக் குறிக்கும் சொல் என்பதை மாணவர் நினைவிற் கொள்க. எஞ்சினுக்குள் நடப்பதும் ஒருவகை இடிப்பே.) உலக்கை பெரிதாயின், இடிக்கும் நெல் குறைவாயினும், அதனைத் தூக்கும் உழைப்புக் குறையாது. உராய்வுக்கென்று ஒரு பகுதி எரிபொருள் எப்போதும் போய்க்கொண்டேயிருக்கும். பெற்றோல் எஞ்சினில் இதன்மேல் இன்னுமொரு நட்டம் உண்டு. அதிலே வேகத்தைக் குறைப்பது உள்ளே வரும் காற்றை அடைப்பதனால். பாதி மூடிய வாயிலூடாக மூச்சிழுப்பவன் களைப்பதுபோல எஞ்சின் தன் வலுவிற் சிறிதைக் காற்றிழுப்பதற்கே செலவிடுகின்றது. டீசல் எஞ்சின் காற்றைப் பெரும்பாலும் தடையின்றி உள்ளெடுத்துப் பாய்ச்சும் எண்ணெயின் அளவை மாத்திரம் கூட்டிக் குறைக்கின்றது. அதன் நெருக்க விகிதமும் மிகுதி. பாரவண்டிக்கு டீசல் உவந்ததாய் நிலைத்தமைக்கு இவையே தலையாய காரணங்கள்.

நெருக்க விகிதம் என்றதும் எமது இளமைக் காலம் நினைவுக்கு வருகின்றது. 1990களிலே குடாநாட்டிற்குப் பெற்றோல் வருதல் தடுக்கப்பட்டிருந்தபோது, ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழங்கார்கள் மண்ணெண்ணெயில் ஓடினமை இம்மலரைப் படிக்கும் பலர் கண்ணாற் கண்டது. சில துளி பெற்றோலை ஊற்றி எஞ்சினை எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெண்புகை கக்கிக்கொண்டு வண்டி புறப்படும். அப்பழைய எஞ்சின்களின் நெருக்க விகிதம் 7க்கு 1 என்ற அளவிற் குறைவாயிருந்தமையாலேதான் அவை அந்த இழிந்த எண்ணெயையும் பொறுத்தன. வலுவும் குறைவு, வினைத்திறனும் குறைவு, பொறுமை மாத்திரம் மிகுதி. இன்றைய டீசல் எஞ்சின் அதற்கு நேர்மாறு. ஏறக்குறைய 16க்கு 1 என நெருக்கி, மயிரிழைத் துளைகளூடாக மிகுந்த அமுக்கத்திலே எண்ணெயைப் பாய்ச்சுகின்றது. மண்ணெண்ணெய் கலந்த டீசலை ஒருமுறை ஊற்றினாலும் அதன் பழுது பார்க்கும் செலவு ஓராண்டுச் சிக்கனத்தை விழுங்கிவிடும். வாங்குபவர் இதனையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

வலுவையும் சிக்கனத்தையும் ஒரே நுகத்திற் பூட்ட முயன்றோருள் அமெரிக்கர் முதல்வர். அங்கே பிக்கப் என்பது கமக்காரனின் வண்டி மாத்திரமன்று. குடும்ப வண்டியும் அதுவே. 1973ஆம் ஆண்டு எண்ணெய்த் தடையால் அடிபட்ட அந்நாடு, 1975இலே வாகனங்களின் சராசரி எரிபொருட் சிக்கனத்திற்குச் சட்டம் இயற்றிற்று. எனினும் எட்டு உருளை எஞ்சின் மீதுள்ள காதல் அவர்களை விட்டு அகலவில்லை. போர்ட் கொம்பனி 2011ஆம் ஆண்டு மாதிரி எப்-150 வண்டிக்கு, 5.0 லீற்றர் எட்டுருளை எஞ்சினோடு, 3.5 லீற்றர் ஆறுருளை எஞ்சின் ஒன்றையும் வைத்தது. சிறியதற்கு இரு டேர்போக்கள் பூட்டப்பட்டிருந்தன. டேர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தாற் சுழன்று, உள்ளே காற்றைத் திணிக்கும் விசிறி. சுவிற்சலாந்தினரான அல்பிரட் பியூக்கி 1905இலே அதற்கு உரிமை பெற்றவர். பெரியது 360 குதிரைவலு, சிறியது 365. முறுக்கத்திலோ சிறியதே வெகுதூரம் முந்திற்று. அப்படியானால் எரிபொருள் பாதியாகக் குறைந்ததா? இல்லை. அரசாங்கப் பரிசோதனையிலே, பின்சில்லு ஓட்டமுள்ள வண்டிகளிற் பெரியது கலனுக்கு நகரில் 15, நெடுஞ்சாலையில் 21 மைல். சிறியது 16, 22. ஒரே ஒரு மைல் வித்தியாசம்! (அமெரிக்கக் கலன் எம் பெரியோர் அறிந்த ஆங்கிலக் கலனிலும் ஆறிலொரு பங்கு சிறியது, எனவே அவர்தம் கணக்கை இங்கே அப்படியே ஒப்பிடுதல் தவறு.)

பாரமேற்றி விரைந்து செலுத்தினால் அந்த ஒரு மைலும் பறந்துபோம். டேர்போ முழுமூச்சாகத் திணிக்கும்போது பெற்றோல் எஞ்சின் சூட்டைத் தணிப்பதற்கென மிகையான எண்ணெயைப் பாய்ச்சவேண்டியிருக்கும். சிக்கனமும் வலுவும் ஒரே எஞ்சினுக்குள் இருக்கின்றன என்பது மெய். இரண்டையும் ஒரே வேளையிற் கேட்டாற் கிடையா. பின்னர் அக்கொம்பனியார் 2015இலே வண்டியின் உடலை அலுமினியத்தாற் செய்து 700 இறாத்தல் வரை எடை குறைத்தனர், 2017இற் பத்துக் கியர், 2018இல் 3.0 லீற்றர் டீசல். 2021இல் மின்மோட்டாரும் சேர்ந்த கலப்பின எஞ்சின். எங்கள் கருத்தில் இவற்றுள் எடையைக் குறைத்ததே மேலான வேலை. எடை குறைந்தால் வலுவின் தேவையும் குறைகின்றதன்றோ.

எங்கள் மாணவரின் கணக்கிற்கு வருவோம். போக்குவரத்தாக ஒரு பயணம் ஏறக்குறைய 500 கிலோமீற்றர், வாரம் 1,000, ஆண்டிற்கு 50 வாரமெனின் 50,000 கிலோமீற்றர். சிறிய எஞ்சின் லீற்றருக்கு 12 கிலோமீற்றரும் பெரியது 10உம் ஓடும் என, வைத்திருப்போர் அவருக்குச் சொல்லியிருந்தனர். முன்னையதற்கு 4,167 லீற்றர், பின்னையதற்கு 5,000. வித்தியாசம் 833 லீற்றர். கணக்கிற்காக லீற்றர் 300 ரூபாய் என வைத்தால் ஆண்டிற்கு ஏறக்குறைய இரண்டரை இலட்சம். ஐந்தாண்டுத் தவணைக் காலத்திலே பன்னிரண்டரை இலட்சம். இதனோடு பெரிய எஞ்சின் வண்டியின் கூடுதல் விலையும் அதற்கான வட்டியும் சேரும்.

இங்கே பலர் வழுவும் இடமொன்று உண்டு. லீற்றருக்கு இரண்டு கிலோமீற்றர் கூடுதல் எங்கும் ஒரே பெறுமதி உடையதன்று. 8இலிருந்து 10க்கு உயர்ந்தால் நூறு கிலோமீற்றருக்கு இரண்டரை லீற்றர் மிச்சம். 12இலிருந்து 14க்கு உயர்ந்தால் ஒரு லீற்றருக்குச் சற்றே மேல். ஆகவே குடிகார வண்டியைச் சிறிது திருத்துவது, சிக்கன வண்டியை இன்னும் சிக்கனமாக்குவதிலும் இலாபம். வண்டி வாங்குபவர் 'லீற்றருக்கு எத்தனை' என்று கேளாது 'நூறு கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர்' என்று கேட்பாராயின் ஏமாறார்.

"அப்ப சின்னனையே எடுக்கட்டோ சேர்?" என்றார். "தம்பி, ஒரு தொன்னுக்கு மேலே ஏத்துவியோ?" என்றோம். சற்று மௌனமாயிருந்து, "சில நேரம் ஒண்டரை" என்றார். அந்த 'சில நேரம்' என்பதே முழுக் கணக்கையும் கவிழ்க்கவல்லது. வண்டி தாங்கும் என எழுதிய பாரத்திற்கு மேல் ஏற்றுதற்கு எந்த எஞ்சினும் பரிகாரம் அன்று; முறிவது எஞ்சின் அன்று, வில்லுத் தகடும் பிறேக்கும் ரயரும். ஒன்றரைத் தொன் நாளாந்தத் தேவையாயின் அவர் வாங்கவேண்டியது பெரிய எஞ்சின் உள்ள பிக்கப் அன்று, சிறு லொறியே என்றோம். கராஜ்காரரும் அவ்வாறே சொன்னார். கூடுதலாக ஒரு பழமொழியும் சொன்னார், அதனை இம்மலரில் அச்சிட இயலாது.

அவர் சிறியதையே எடுத்தார். ஒரு தொன்னோடு நிற்பதாகவும் வாக்குத் தந்தார். செலுத்தும் முறைபற்றி நாம் கூறியவை சிலவே. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. 80இலிருந்து 100க்கு வேகத்தைக் கூட்டினால் வேண்டும் வலு 16இலிருந்து 25 கிலோவாற்றாகின்றது, நேரமோ நூறு கிலோமீற்றருக்குப் பதினைந்து நிமிடமே மிச்சம். ரயர்க் காற்றைப் பாரத்திற்கேற்ப அடித்தல் வேண்டும். வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின்பலகையைத் திறந்துவிட்டாற் காற்று இலகுவாகப் போகும் என்பது பலரின் நம்பிக்கை, அது பிழை. மூடிய பலகைக்குள் காற்று ஒரு சுழியாக அடங்கி, மேலே வரும் காற்று அதன்மீது வழுக்கிச் செல்ல உதவுகின்றது.

ஒரு கொப்பி வைத்து, ஒவ்வொரு முறையும் தாங்கியை நிரப்பி எழுதிவருமாறும் சொல்லியிருந்தோம். சென்ற மாதம் கொண்டுவந்து காட்டினார். எங்களிடம் படித்த காலத்தில் அவர் எழுத்து இத்துணை அழகாயிருந்ததில்லை. பாரத்தோடு 11, வெறும் வண்டியாக 13, மீண்டும் 11 எனப் பக்கம் பக்கமாக இருந்தது. ஓரிடத்தில் மாத்திரம் 9 என்றிருந்தது. அன்று என்ன நேர்ந்தது என வினவினோம்.

"அண்டைக்குச் சந்தைக்குப் பிந்திப்போச்சு, சேர். கொஞ்சம் மிதிச்சிட்டன்" என்றார்.