மருந்து இலவசம்; உணவு யார் பொறுப்பு?

திகன என்ற பெயரைக் கேட்டதும் வெளியூர் வாசகர்களுக்கு 2018 மார்ச் மாத வன்செயல்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. மறந்துவிடக்கூடிய விடயமல்ல அது. எனினும் வைத்தியத்துறை சார்ந்தோர் இவ்வூரை வேறொரு காரணத்துக்காகவும் அறிவர். பாரிசவாதம், முள்ளந்தண்டுக் காயம் போன்றவற்றால் உடலியக்கத்தை இழந்தவர்களை மீண்டும் நடமாடச் செய்வதற்கான அரசாங்கப் புனர்வாழ்வு வைத்தியசாலை திகனயில் இயங்கி வருகின்றது. பெரிய வைத்தியசாலைகளில் உயிர் காப்பாற்றப்பட்டவர்கள் எழுந்து நிற்கவும், கரண்டியைப் பிடிக்கவும், பேசவும் மீண்டும் பழகும் இடம் அது.

விடுதியில் தங்கியிருக்கும் காலத்தில் நோயாளருக்கான உணவை அரசாங்கமே வழங்குகின்றது. நாட்டின் எல்லா அரசாங்க வைத்தியசாலைகளிலும் இதுவே நடைமுறையாகும். வீடு திரும்பும் நாளில் அந்த ஏற்பாடு முடிவடைந்து விடுகின்றது. மருந்து முடிவடைவதில்லை, கிளினிக் கொப்பியைக் காட்டி மாதந்தோறும் இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். உணவைப் பொறுத்தவரை நோயாளர் வீட்டுக்கு எடுத்துச் செல்வது ஆலோசனையை மட்டுமே. கீரை, பயறு, மீன் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்பையும் சீனியையும் பாணையும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கூறப்படுகின்றது. பலகொல்லையிலோ ராஜவெலயிலோ நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு இந்த ஆலோசனை நன்றாகவே விளங்குகின்றது. வாங்குவதற்குத்தான் வழியில்லை.

பாரிசவாதத்தின் முதன்மைக் காரணி உயர் குருதியமுக்கம் என்பது பொதுவாக அறியப்பட்ட உண்மை. நீரிழிவும் அதற்குத் துணை நிற்கின்றது. இலங்கையில் நிகழும் மரணங்களில் 80 வீதத்துக்கும் அதிகமானவை தொற்றா நோய்களினாலேயே ஏற்படுகின்றன. இந்நோய்களுக்கும் அன்றாட உணவுக்கும் உள்ள தொடர்பு பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்ததே. அவ்வாறிருக்க, நோய் முற்றிய பின்னர் சத்திரசிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் செலவிடத் தயங்காத பொதுச் சுகாதார முறை, நோயைக் கட்டுப்படுத்தும் உணவுக்கு ஏன் ஒரு சதமும் ஒதுக்குவதில்லை என்ற கேள்வி எழுகின்றது.

இது நம் நாட்டில் மாத்திரம் எழுந்த கேள்வியல்ல. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், மவுண்ட் பேயூ என்ற வறிய கறுப்பின ஊரில், 1960களில் வைத்தியர் ஜாக் கைகர் சமூக சுகாதார நிலையமொன்றை அமைத்தார். அங்கு கொண்டுவரப்பட்ட பிள்ளைகளின் நோய்களுக்கு அடியில் பசியே இருந்ததைக் கண்ட அவர், மருந்துச் சீட்டில் உணவை எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். உள்ளூர்க் கடைகள் அச்சீட்டுக்குப் பொருட்களை வழங்கின. பணம் மருந்தகத்தின் ஒதுக்கீட்டிலிருந்து செலுத்தப்பட்டது. அரசாங்க அதிகாரிகள் ஆட்சேபித்தபோது, மந்தபோசணைக்கு மருத்துவ நூல்கள் கூறும் சிகிச்சை உணவே என்ற கருத்தில் அவர் பதிலளித்தார். அதற்கு மறுமொழி கூற அவர்களால் இயலவில்லை.

அரை நூற்றாண்டு கடந்து அதே சிந்தனை அந்நாட்டின் காப்புறுதி முறைக்குள் நுழைந்தது. வறியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதியான மெடிக்கெயிட், சட்டப்படி மருத்துவச் செலவை ஈடுசெய்வதற்கே உரியது. ஆனால் மத்திய அரசாங்கத்தின் விசேட அனுமதியுடன் சில மாநிலங்கள் அந்நிதியிலிருந்து உணவும் வழங்க முற்பட்டன. கலிபோர்னியாவில் 2022 முதல், நோய்க்கேற்பத் தயாரிக்கப்பட்ட சாப்பாடு இவ்வாறு வழங்கப்படலாயிற்று. அதே ஆண்டில் வட கரோலினாவும் காய்கறிப் பெட்டிகளையும் சாப்பாட்டையும் நோயாளரின் வீட்டுக்கே அனுப்பத் தொடங்கியது. மருத்துவச் செலவு குறைந்ததை அங்கு நடத்தப்பட்ட மதிப்பீடு காட்டியது. ஆயினும் மாநில சட்டசபை நிதி ஒதுக்காமையால் 2025 ஜூலையில் அச்சேவை நிறுத்தப்பட்டது. பரீட்சார்த்தத் திட்டம் என்ற பெயரில் தரப்படும் உணவுக்கு வருடாந்த வரவு செலவுத் திட்டமே ஆயுளை நிர்ணயிக்கின்றது.

நமக்கு அருகிலுள்ள உதாரணம் இன்னும் பொருத்தமானது. இந்தியாவில் காசநோயாளர்களுக்கு மாதாந்தம் 500 ரூபா போசாக்கு உதவி 2018 ஏப்ரலில் ஆரம்பிக்கப்பட்டு, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இதற்கிடையில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. சிகிச்சை பெறும் நோயாளருக்கு உணவுப் பொதி வழங்கப்பட்டது. தெரிவு செய்யப்பட்ட பகுதிகளில் அவரது வீட்டில் வசிப்போருக்கும் அரிசியும் பருப்பும் கொடுக்கப்பட்டன. அவ்வாறு உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் ஏற்படுவது 39 வீதத்தால் குறைந்தது என 2023 ஓகஸ்டில் 'லான்செட்' சஞ்சிகையில் முடிவுகள் வெளியாகின. அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்தின் வேலையைச் செய்திருக்கின்றன என்றால் அது மிகையாகாது.

மறுபக்கத்தையும் கூறவேண்டும். நீரிழிவு கட்டுப்பாட்டை இழந்த நோயாளருக்கு வாரந்தோறும் ஆரோக்கிய உணவு வழங்கி அமெரிக்காவில் நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வில், உணவு பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையில் ஆறு மாத முடிவில் குருதிச் சீனியின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இரு சாராருக்குமே அளவு குறைந்திருந்தது. உண்ணப் போதாத வறிய வீட்டில் உணவு தரும் பலனை, வயிறு நிரம்பியும் தவறான உணவை உண்ணும் வீட்டில் அதே அளவில் எதிர்பார்க்க முடியாது. யாருக்கு, எந்த நோய்க்கு, எவ்வளவு காலம் என்பதைத் தீர்மானிக்காமல் பொதி கட்டுவது வீண் செலவாகவே முடியும்.

இலங்கையில் மெடிக்கெயிட் போன்றதொரு காப்புறுதி கிடையாது; அதற்கு அவசியமும் இருக்கவில்லை. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டதிலிருந்து, வரிப்பணமே நமது காப்புறுதியாக இருந்து வருகின்றது. அரசாங்க ஊழியர்களுக்கான அக்ரஹார, 2017இல் பாடசாலை மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட சுரக்ஷா ஆகிய காப்புறுதித் திட்டங்கள் பிரதானமாக வைத்தியசாலைச் செலவையும் விபத்தையும் கருதியே வகுக்கப்பட்டவை. நோயில் விழுந்த பின்னரே அவற்றின் கதவு திறக்கின்றது.

ஆனால் உணவைச் சுகாதாரத்தின் அங்கமாகக் கருதும் மரபு நமக்குப் புதியதன்று. 1942இல் ஆரம்பமான அரிசிப் பங்கீடு பல தசாப்தங்களாக நீடித்தது. 1953இல் அதன் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியமை ஹர்த்தாலுக்கு வழிகோலி, பிரதமர் டட்லி சேனாநாயக்கவின் பதவி விலகலில் முடிந்ததை மூத்த வாசகர்கள் அறிவர். குறைந்த வருமானம் கொண்ட இந்நாடு, சிசு மரணத்தைக் குறைப்பதில் செல்வந்த நாடுகள் வியக்கும் நிலையை எய்தியமைக்கு இலவச மருத்துவம், இலவசக் கல்வி ஆகியவற்றுடன் இந்தப் பங்கீட்டு அரிசியையும் பொருளியலாளர்கள் காரணமாகக் காட்டுவதுண்டு. 1979இல் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிடப்பட்ட ரூபாவின் அளவு மாறவில்லை. கடையில் விலை மாறியது. சில வருடங்களிலேயே அதன் பெறுமதி ஏறத்தாழப் பாதியாகத் தேய்ந்தது.

இந்த அனுபவத்திலிருந்து நமது திட்டமிடுவோர் எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. 2015இல் கர்ப்பிணித் தாய்மாருக்கு மாதம் 2,000 ரூபா வீதம் பத்து மாதங்களுக்குப் போசாக்கு வவுச்சர் அறிமுகப்படுத்தப்பட்டது. சிறந்த திட்டம் அது. எனினும் அதே 2,000 ரூபா வருடக்கணக்கில் அசையாது நின்றது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்ட 2022இல், அந்த வவுச்சருக்குக் கடையில் என்ன கிடைத்தது என்பதைத் தாய்மாரிடம் கேட்டால் தெரியும்.

திரிபோஷவின் கதை வேறு விதமானது. 1973 முதல் கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்குகளில் வழங்கப்பட்டுவரும் சோள, சோயா மாக் கலவை இது. பொருளாகக் கொடுப்பதால் பணவீக்கம் அதனைத் தின்பதில்லை. ஆனால் 2022இல் சோளத் தட்டுப்பாட்டினால் உற்பத்தி தடைப்பட்டபோது, தாய்மார் வெறுங்கையுடன் திரும்ப நேர்ந்தது. அஃப்லரொக்சின் நச்சு பற்றிய சர்ச்சையும் நம்பிக்கையைக் குலைத்தது. ஒரு பிள்ளைக்கெனத் தரப்படும் பொதி வீட்டில் எல்லோருக்கும் பங்கிடப்படுவதும் குடும்பநல உத்தியோகத்தர்கள் அறியாததல்ல. பசித்திருக்கும் மற்றப் பிள்ளையின் முன்னால் ஒருவருக்கு மாத்திரம் ஊட்டும் தாய் எங்குமில்லை. ஜார்க்கண்டில் வீட்டாருக்கும் சேர்த்து உணவு வழங்கியமை இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது.

அதிலும் திரிபோஷ ஐந்து வயதுடன் நின்றுவிடுகின்றது. அதற்குப் பின்னர் நோயாளர் என்ற முறையில் பொதுச் சுகாதாரத்திடமிருந்து உணவு பெற வேண்டுமாயின், அவர் வைத்தியசாலைக் கட்டிலில் படுத்தாக வேண்டும்.

இங்கு நமது சமூகங்களின் கொடைப் பழக்கம் பற்றியும் ஒன்று கூறத் தோன்றுகின்றது. ரமழான் காலத்தில் பள்ளிவாசல்களும், வெள்ளம், மண்சரிவுக் காலங்களில் கோவில்களும் சங்கங்களும் உலர் உணவுப் பொதிகளை மனமுவந்து வழங்குகின்றன. அவற்றுள் வெள்ளை அரிசி, கோதுமை மா, சீனி ஆகியவையே பெரும்பாலும் இடம்பிடிக்கின்றன. பெறும் வீட்டில் நீரிழிவு நோயாளர் இருப்பாரா என்று எவரும் கேட்பதில்லை. இரண்டு கிலோ சீனிக்குப் பதிலாகப் பாசிப்பயறும் கௌபியும் நெத்தலியும் சேர்ப்பதற்கு அரசாங்க சுற்றறிக்கை எதுவும் தேவையில்லை.

அரசாங்கத்தைப் பொறுத்தவரை, தேவையான பதிவுகள் ஏற்கெனவே உள்ளன. 2011 முதல் அமைக்கப்பட்ட ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் நடுத்தர வயதினரின் குருதியமுக்கத்தையும் சீனியையும் அளந்து பதிகின்றன. வறிய குடும்பங்களின் பட்டியல் 2023இல் சமுர்த்திக்குப் பதிலாக வந்த அஸ்வெசும திட்டத்தில் உண்டு. முதற்பதிவு சுகாதார அமைச்சிடமும் இரண்டாவது நலன்புரி நன்மைகள் சபையிடமும் இருப்பதே சிக்கல். இரண்டிலும் பெயருள்ளவருக்கு, வருடாந்தம் விலைக்கேற்பத் திருத்தப்படும் உணவு வவுச்சரை ஆறு மாத காலத்துக்கு வழங்கிப் பார்க்கலாம். குருதியமுக்கம் எப்படியும் கிளினிக்கில் அளக்கப்படுவதால், பலன் கிடைத்ததா என்பதை அறிவதற்குப் புதிய செலவும் ஏற்படாது.

நோயை அடிப்படையாகக் கொண்டு கொடுப்பனவு வழங்குவது முறையாகாது என்று அதிகாரிகள் கூற முடியாது. அஸ்வெசும திட்டத்திலேயே சிறுநீரக நோயாளர்களுக்கு மாதாந்தக் கொடுப்பனவு வழங்கப்படுகின்றது. சிறுநீரகம் செயலிழப்பதற்கான பிரதான காரணங்களுள் நீரிழிவும் ஒன்று. இன்று அக்கொடுப்பனவைப் பெறுபவர்களுள் சிலராவது, பல வருடங்களுக்கு முன்னர் நீரிழிவுக் கிளினிக்கின் வரிசையில் நின்று, மாத்திரையையும் ஆலோசனையையும் பெற்றுக்கொண்டு வீடு திரும்பியவர்களாகவே இருப்பர்.