நர்சிங்ல சேர்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி

போன மாசம் சித்தி பொண்ணு போன் பண்ணா. "அண்ணா, ஒரு வருஷ நர்சிங் கோர்ஸ். நாளைக்கு அட்வான்ஸ் கட்டணும்."

"முடிச்சதும் நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ண முடியுமா?"

அவளுக்குத் தெரியல. விசாரிச்சா, முடியாது. பதிவு இல்லாம நர்ஸா வேலை பார்க்க முடியாதுங்க; உதவியாளர்தான்.

பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம். ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். இவ காமர்ஸ். ஆனா ஜி.என்.எம். டிப்ளமோ 3 வருஷம்தான். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி மத்த குரூப் படிச்சவங்களும் சேரலாம். கல்லூரிக்குக் கல்லூரி நிபந்தனை மாறும், கேட்டுக்கோங்க. அப்புறம் பதிவு பண்ணிட்டு, 2 வருஷம் போஸ்ட் பேசிக் படிச்சா பி.எஸ்சி. பட்டமும் கிடைக்கும்.

அட்வான்ஸ் கட்டல. "நீ என்ஜினியரிங் சேர்றப்ப இதெல்லாம் கேட்டியாண்ணா?"

கேட்கல. அதனாலதான் சொல்றேன்.