ஓரடிக்குப் பன்னிரண்டடி

2001-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் பௌதிக சாஸ்திர மேதை ஸ்டீபன் ஹாக்கிங் நம் தேசத்துக்கு விஜயம் செய்தார். சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்த அப்பேரறிஞர் டில்லியில் குதுப் மினாரையும் ஜந்தர் மந்தரையும் காண விரும்பினார். அவருக்காக அங்கே மரத்தினால் தாற்காலிகச் சாய்வுப் பாதைகள் அமைக்கப்பட்டன.

விருந்தினரை உபசரிப்பது நம் மரபுதான். ஆயினும் ஒரு கேள்வி எழாமலில்லை. பொதுக் கட்டடங்களில் சாய்வுப் பாதை வேண்டுமென்று 1995-லேயே சட்டம் செய்திருந்தோம். ஒரு மேதைக்காக முடிந்த காரியம், நம் சொந்தப் பிரஜைகளுக்காக ஏன் அதுவரை முடியவில்லை? 'பொருளாதார சக்திக்கு உட்பட்டு' என்று அச்சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. தட்டிக் கழிக்க அது போதாதா? 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் உடற்குறையுடையோர் 2 கோடியே 68 லக்ஷம் பேர்.

சாய்வுப் பாதை பிரமாதமான வித்தையன்று. ஓரடி உயரம் ஏற வேண்டுமானால் பாதை பன்னிரண்டடி நீளம் இருக்க வேண்டும். இரு புறமும் கைப்பிடி, வழுக்காத தளம். அவ்வளவே. நாலடியில் செங்குத்தாகச் சரித்து விட்டால் நாற்காலி பின்புறம் கவிழ்ந்து விடும். அது பேருக்கு வைத்த பாதை.

"புராதனச் சின்னங்களின் அழகு கெட்டுவிடுமே!" என்பர் சிலர். நியாயமான கவலைதான். ஆனால் ஏதென்ஸ் நகரத்து அக்ரோபோலிஸ் குன்றைக் காட்டிலும் புராதனமான பெருமை வேறெதற்கு? 2004-ல் அங்கே உடற்குறையுடையோரின் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தபோது குன்றின் ஓரமாக மின்தூக்கி அமைத்தார்கள்; 2020-ல் அதை மாற்றிப் புதிதாக ஒன்று வைத்தார்கள். பார்த்தினான் கோயிலின் தூண்கள் அப்படியேதான் நிற்கின்றன.

இங்கே 2016-ம் வருஷத்துச் சட்டம் பழைய பொதுக் கட்டடங்களைத் திருத்த ஐந்து வருஷம் தவணை கொடுத்தது. தவணை கடந்தது, வேலை முடியவில்லை. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், இவ்விதிகள் வெறும் சிபார்சாக இருத்தலாகாது, கட்டாயமாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

சட்டம் தானாகக் கல்லடுக்காது. பிள்ளைகளைச் சரித்திர ஸ்தலங்களுக்கு அழைத்துச் செல்லும் உபாத்தியாயர்களாகிய நாம், அவர்களில் ஒருவனை மட்டும் வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு மற்றவர்களுக்கு, "இது நம் முன்னோர் வைத்த சொத்து" என்று எவ்வாறு போதிப்பது? நேயர்களே, உங்கள் ஊர் நூல்நிலையத்தின் வாசற்படிகளை இன்றே எண்ணிப் பாருங்கள். சாய்வுப் பாதை எங்கே என்று அதிகாரிகளைக் கேளுங்கள். அது கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டேயிருங்கள்.